அம்மா சொல்லாத வரி

பெங்களூரு
3 பிப்ரவரி 2024

அன்புள்ள அண்ணா,

இந்த அட்டை ட்யூபைத் திறக்கக் கத்தியை எடுக்காதே. உன் அவசரம் எனக்குத் தெரியும். கேக் டப்பாவையே கிழித்துத் திறக்கிற ஆள் நீ. மெதுவாக டேப்பை உரி. அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு உன் தங்கையின் பரிசு உள்ளே சுருண்டு கிடக்கிறது.

நாலு மாதமாக “பெரிசா ஒண்ணு பண்ணிக்கினு இருக்கேன்” என்று போனில் அளந்துகொண்டிருந்தேனே, அது இதுதான். நம் தங்க வயல் சுரங்கத்திலும் தொழிலாளர் லைன் வீடுகளிலும் அநியாயத்தை எதிர்த்துப் பேசியவர்களின் நான்கு வரிகள். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து, மை தடவி, டிரெடில் மெஷினைக் காலால் மிதித்து நானே அச்சடித்தேன். மொத்தம் நூறு பிரதி. தலைவர்கள் யாரும் இதில் இல்லை, அவர்களுக்குத்தான் சிலை இருக்கிறதே.

முதல் வரி கைரேகை ஸ்ட்ரைக் காலத்தது. தொழிலாளிகள் எல்லாரும் ரேகை வைக்க வேண்டும் என்று கம்பெனி சொன்னபோது ஷிப்டுக்கு இறங்க மறுத்த யாரோ ஒருவர் சொன்னது: ‘ரேகை வைப்பவன் கள்ளன். நாங்கள் கள்ளர் இல்லை.’ இரண்டாவது, லைன் குழாயடியில் ஒரு பெண்மணி: ‘தண்ணீருக்கு வரிசை உண்டு. சாதிக்கு வரிசை இல்லை.’ மூன்றாவது, சுரங்க வாசலில் ஒரு தொழிலாளி: ‘முதலில் விளக்கைக் கொடு. பிறகு இறங்கச் சொல்.’ பென்ஷன்காரர்கள் வீடு வீடாகப் போய்க் காபி குடித்துச் சேர்த்தவை இவை.

நாலாவது அம்மாவுடையது. நீ எனக்கு ஆயிரம் தடவை சொன்ன கதை. 1989-இல் ஏர்பிளாஸ்டில் பாறை வெடித்து அப்பா கீழே மாட்டிக்கொண்டதும், எட்டு நாளாகியும் எடுக்காமல் அந்த ஆழத்து லெவலை, சுரங்கப் பாதையையே, மூடிவிடப் பார்த்ததும், அம்மா போய் ஆள் இறக்கும் கேஜின் வாசலில் நின்றதும். ‘என் புருஷன் மேலே வராமல் இந்தக் கேஜ் கீழே இறங்காது.’ அந்த ஒரு வரியை மட்டும் ஊதா மையில் அடித்திருக்கிறேன். லெந்து நோன்புக் காலம் வருகிறது, அம்மா கோயிலுக்குக் கட்டுகிற ஊதாச் சேலையை நினைத்துக்கொண்டேன். அச்சில் எழுத்தெல்லாம் தலைகீழாக இருக்கும். மூன்று வாரம் அந்த வரியைத் தலைகீழாகவே படித்துப் படித்து, தாளில் நேராகப் பார்த்ததும் எனக்கே அழுகை வந்துவிட்டது.

இன்றைக்கும் ரேஷன் கடையில் விரல் வைக்க அம்மா போகமாட்டேன் என்கிறாரே, அது அந்த ஸ்ட்ரைக் ரத்தம். உனக்கும் எனக்கும் ஏன் வரவில்லையோ!

மார்ச் 16, சனிக்கிழமை இங்கே கண்காட்சி. அம்மாவை முதல் வரிசையில் உட்கார வைக்கப் போகிறேன். அவருக்கு என் முத்தம்.

ஈவ்லின்


ஊரிகம்
9 பிப்ரவரி 2024

ஈவி,

ட்யூப் வந்தது. நாலாவது வரியை எடுத்துவிடு. எல்லாப் பிரதியிலும். கண்காட்சியில் அதை வைக்காதே.

அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார். மூன்று வரி படித்தார். நாலாவதைப் பாதியில் நிறுத்திவிட்டார். அதிலிருந்து வெறும் கஞ்சித் தண்ணீர்தான் இறங்குகிறது. பக்கத்து வீட்டு ரெபேக்கா ஆன்ட்டி வந்து, “இன்னா பியாட்ரிஸ், பொண்ணு உன்ன பெரிய ஆளாக்கிட்டாளாமே” என்று சிரித்தார். அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

எடுத்துவிடு என்றதற்கு நேற்று போனில் நீ கத்தியதெல்லாம் அம்மா காதில் விழுந்தது. அதனால் ரயிலில் கூட வருகிற ஜோஸிடம் போனைக் கொடுத்து உன் நம்பரை பிளாக் செய்துவிட்டேன். நேரில் வராதே. “இப்ப அவ வர வேணாம்” என்று அம்மாவே சொல்லிவிட்டார்.

காரணம் கேட்காதே. எடுத்துவிடு, அவ்வளவுதான்.

எல்வின்


பெங்களூரு
13 பிப்ரவரி 2024

அண்ணா,

போனை பிளாக் செய்யலாம். போஸ்ட்மேனை என்ன செய்வாய்?

காரணம் சொல்லாமல் எடு என்றால் எடுப்பதற்கு இது என்ன கதவில் மாட்டுகிற காலண்டரா? நாலு மாதம், அண்ணா. என் முதுகு போய்விட்டது. நூறு பிரதியில் ஒன்றுதான் உன்னிடம் இருக்கிறது. மீதி தொண்ணூற்றொன்பதும் என் அச்சகத்தில் அடுக்கி இருக்கின்றன. நீ தினமும் கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கி லிஃப்ட்மேன் வேலைக்குப் போகிறாய். அங்கிருந்து பத்து நிமிஷம் நடந்தால் என் வாசல். ஆறு வருஷத்தில் ஒரு நாள் எட்டிப் பார்த்திருப்பாயா? லிஃப்டில் ஊராரையெல்லாம் ஏற்றி இறக்குகிறாய், தங்கை வீட்டுப் படி மட்டும் ஏறமாட்டாய்.

உனக்கு என்ன பயம் என்று எனக்குத் தெரியும். எதிர்த்துப் பேசினால் உனக்கு ஆகாது. 2001-இல் சுரங்கத்தை மூடுகிறார்கள் என்றதும் லைனே போய் கேட் முன்னால் உட்கார்ந்தது. நீ முதல் ஆளாகப் போய் வேலையை விடுகிற தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாய். அப்போது எனக்குப் பதினேழு வயது. ஹாஸ்டலில் என் அண்ணன் கோழை என்று நானே நினைத்துக்கொண்டேன். இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

வேலூர் ஹாஸ்டலில் சேர்த்தபோது எனக்கு ஆறு வயது. யாராவது ‘உங்கப்பா செத்துட்டாராமே’ என்று கேட்டால் நான் அழமாட்டேன். எங்கம்மா கேஜையே நிறுத்தினாங்க தெரியுமா என்று ஆரம்பித்துவிடுவேன். சமையல்கார அக்காவுக்குக்கூட அந்த வரி மனப்பாடம். எத்தனையோ பேருடைய அப்பா கீழேயே கிடக்கிறார்கள். எனக்குப் போய் நிற்க ஒரு கல்லறை இருக்கிறது, அதற்குள் என் அப்பா இருக்கிறார். அது அம்மா வாங்கிக் கொடுத்தது. அந்த வரிதான் வாங்கிக் கொடுத்தது.

அதை எடுக்க வேண்டுமென்றால் அம்மா என்னிடம் சொல்லட்டும். நீ சொல்லி எடுக்கமாட்டேன்.

ஈவ்லின்


ஊரிகம்
19 பிப்ரவரி 2024

ஈவி,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இதை ரயிலில் எழுதுகிறேன், எழுத்து ஆடும்.

நீ என்னைக் கோழை என்றது சரிதான். நீ நினைக்கிற காரணத்துக்காக இல்லை.

அம்மா கேஜ் வாசலுக்குப் போகவே இல்லை. அந்த வரியை அம்மா சொல்லவே இல்லை. அதைச் சொன்னவன் நான். பதின்மூன்று வயதில், உன்னிடம்.

எட்டாம் நாள் காலையில் ஒரு ஆபீசரும் ஒரு குமாஸ்தாவும் வீட்டுக்கு வந்தார்கள். இனிமேலும் தேடினால் தேடுகிறவர்கள் மேலும் பாறை விழும், அந்த லெவலைச் சுவர் வைத்து மூடப்போகிறோம், குடும்பத்தார் சம்மதம் வேண்டும் என்றார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். நான்தான் நாற்காலி எடுத்துப் போட்டேன். குமாஸ்தா பையிலிருந்து மைப்பெட்டியை எடுத்துத் திறந்து வைத்தான். அம்மா அதைப் பார்த்தார். “எனக்குக் கையெழுத்து போடத் தெரியும் சார்” என்றார். அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான். அது அவன் காதில் விழவே இல்லை. “எல்லாரும் இதுலதாம்மா வெக்கிறாங்க, சீக்கிரம் வெய்யிம்மா” என்று அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து, கட்டைவிரலை மையில் அழுத்தி, தாளில் அழுத்தினான். அம்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். நானும் வாயைத் திறக்கவில்லை.

ஆறாவது வரை படித்தவர் அம்மா. பாட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ‘ஏ. பியாட்ரிஸ்’ என்று எழுதி வைத்திருப்பதை நீ பார்த்திருக்கிறாய். ஏனோக் என்ற அப்பா பேரின் முதல் எழுத்தை எவ்வளவு ஆசையாகப் போட்டிருப்பார்! அன்றைக்கு மதியம் முழுக்கக் குழாயடியில் சாம்பல் போட்டு விரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். ஊதா மை லேசில் போகவில்லை. ரேஷன் கடைக்கு அவர் போகாதது அதனால்தான். ஸ்ட்ரைக் ரத்தமெல்லாம் இல்லை.

அப்பா மேலே வரவில்லை, ஈவி. கல்லறையில் அவர் இல்லை. அவருடைய ஞாயிற்றுக்கிழமைச் சட்டையையும் ஒரு ஜோடி பூட்ஸையும் பெட்டிக்குள் வைத்து ஆணி அடித்தார்கள். அவர் இன்னும் கீழேதான் இருக்கிறார். பதினெட்டு வயதில் எனக்கு அப்பா வேலையைக் கொடுத்தார்கள். ஏழு வருஷம் தினமும் கேஜில் அந்த லெவலைத் தாண்டித்தான் இறங்கினேன். அந்த இடம் வரும்போது கண்ணை மூடிக்கொள்வேன். மூடப்போகிறோம் என்றதும் முதல் ஆளாக ஓடிப் போய்க் கையெழுத்துப் போட்டது ஏன் என்று இப்போது தெரிகிறதா?

பெட்டியைப் பார்த்து நீ கேட்டாய், “அப்பா உள்ள கீறாரா?” என்று. “கீறாரு, அம்மாதான் மேல இட்டாந்தாங்க” என்றேன். எப்படி என்று கேட்டாய். நீ கேட்கக் கேட்க நான் சொல்லிக்கொண்டே போனேன். நீ அழுகையை நிறுத்திவிட்டாய், அது போதும் என்று இருந்தது. லைன் முழுக்க உண்மை தெரியும். உனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. உன்னை அவ்வளவு சீக்கிரம் ஹாஸ்டலுக்கு அனுப்பியதும் பாதி அதற்காகத்தான்.

உன் தாளைப் படித்த அன்று அம்மா என்னைக் கூப்பிட்டார். “இத அவளுக்கு யார்டா சொன்னது?” என்றார். நான்தாம்மா என்றேன். திட்டவில்லை. தாளை மறுபடி பார்த்துவிட்டு, “நான் இப்டி சொல்லியிருக்கலாம் இல்லடா?” என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் சாப்பாட்டை நிறுத்தினார்.



எல்வின்


பெங்களூரு
23 பிப்ரவரி 2024

அண்ணா,

உன் கடிதத்தை மெஷின் பக்கத்தில் நின்றபடி படித்தேன். பிறகு தரையில் உட்கார்ந்து படித்தேன். முதலில் உன்னை அடிக்க வேண்டும் போல இருந்தது. நாற்பது வயதில் எனக்கு அப்பா இன்னொரு தடவை செத்துப்போனார். அந்தக் கல்லறைக்கு எத்தனை கிறிஸ்துமஸுக்கு மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு போயிருக்கிறேன்! சட்டைக்கும் பூட்ஸுக்குமா?

அப்புறம் உன்னை நினைத்துப் பார்த்தேன். பதின்மூன்று வயதுப் பையன், பக்கத்தில் அழுகிற ஐந்து வயதுத் தங்கை. வேறு என்ன செய்திருப்பாய் நீ?

வரியைப் பிரித்துவிட்டேன். எழுத்துகள் எல்லாம் பெட்டிக்குத் திரும்பிவிட்டன. இங்கே இருக்கிற தொண்ணூற்றொன்பது பிரதியிலும் அடிப்பகுதியை வெட்டி எடுத்தாயிற்று. அதே இடத்தில் புதிதாக ஒரு வரி கோத்து, புதுத் தாளில் நாலு வரியோடும் ஒரே ஒரு பிரதி அடித்திருக்கிறேன். ‘எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்.’ அந்த மூன்று வரியோடு இதுவும் சேர வேண்டிய வரிதான், அண்ணா. கேஜை நிறுத்திய வரியைவிட எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது. அம்மாவிடம் அப்படியே சொல். மையை மாற்றலாமா என்று யோசித்தேன். வேண்டாம், அந்த ஊதா மை இந்தத் தடவையாவது அம்மா சொன்னதைச் சொல்லட்டும்.

வரிக்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன். இந்த மாதிரித் தாளில் அச்சடித்தவர் பென்சிலால் கையெழுத்துப் போடுவதுதான் வழக்கம். இதில் அம்மா போடட்டும். பென்சிலை உள்ளேயே வைத்திருக்கிறேன். அவர் சம்மதித்தால்தான் கண்காட்சிக்குப் போகும், இல்லையென்றால் இல்லை. ஈரம் காய்வதற்குள் சுருட்டிவிட்டேன், தொட்டால் விரலில் ஒட்டும், பார்த்துப் பிரி.

வா என்று ஒரு வார்த்தை சொல். அடுத்த ரயிலில் வருகிறேன்.

ஈவி


பெங்களூரு
6 மார்ச் 2024

அண்ணா,

அம்மாவை அடக்கம் செய்து ஆறு நாள் ஆகிறது. நீ வா என்று சொன்ன அந்த ஒரு வார்த்தை இதற்காகவா இருக்க வேண்டும்?

அங்கே இருந்த இரண்டு நாளும் வீட்டில் கூட்டம். உன்னிடம் தனியாகப் பேச முடியவில்லை. நீயும் என் முகத்தைப் பார்க்காமல் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தாய்.

ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பெட்டியை மூடுவதற்கு முன்னால் அம்மாவின் கையைப் பிடித்தேன் இல்லையா, கட்டைவிரலில் ஊதா மை இருந்தது. அம்மா என் தாளைத் தொட்டுப் பார்த்தாங்களா என்று கேட்டேன். நீ தலையாட்டினாய். அது போதும் எனக்கு. அந்த வரியைப் படித்திருக்கிறார், ஈரமான எழுத்தைத் தடவிப் பார்த்திருக்கிறார். என் மையோடு போயிருக்கிறார். சாப்பிட உட்கார்ந்தால் அதை நினைத்துக்கொள்கிறேன், நாலு வாய் இறங்குகிறது.

கையெழுத்துப் போட்டாரா, அண்ணா? அங்கே கேட்க வாய் வரவில்லை. போட்டிருந்தால் அந்தத் தாளை அனுப்பு. 16-ஆம் தேதி அதை மட்டும் நடுவில் மாட்டுகிறேன்.

ஈவி


ஊரிகம்
11 மார்ச் 2024

ஈவி,

அம்மா கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஆனால் நீ கேட்கிற தாளில் இல்லை.

நீ முதலில் அனுப்பிய தாளைக் காணோம் என்று தேடிக்கொண்டிருந்தேன். நேற்று அம்மாவின் மெத்தையைத் தூக்கியபோது அடியில் இருந்தது. அந்த நாலாவது வரிக்குக் கீழே பென்சிலால் எழுதியிருக்கிறார்: ‘இது நான் சொன்னது அல்ல. ஏ. பியாட்ரிஸ்.’ நடுங்காமல் எழுதியிருக்கிறார். எழுதிவிட்டு அழித்து, மறுபடியும் எழுதியிருக்கிறார். ‘ஸ்’ மேல் வைத்த புள்ளியில் தாளே கொஞ்சம் குழிந்திருக்கிறது. இதைத் தபாலில் அனுப்பமாட்டேன். சனிக்கிழமை கண்டோன்மென்டில் இறங்கி நானே கொண்டுவருகிறேன். கதவைத் திறப்பதும் திறக்காததும் உன் இஷ்டம். இனி எழுதப்போவதைப் படித்துவிட்டு முடிவு செய்.

நீ அனுப்பிய இரண்டாவது ட்யூபை அம்மா பார்க்கவில்லை. திங்கட்கிழமை மதியம்தான் அது வந்தது. ரெபேக்கா ஆன்ட்டி வாங்கி வைத்திருந்தார். இன்னும் திறக்கவில்லை, டேப் அப்படியே இருக்கிறது. அன்றைக்குக் காலையிலேயே அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்து, நான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டேன். ட்யூபோடு தனிக் கவரில் வந்த உன் கடிதத்தை அடக்கத்துக்குப் பிறகுதான் படித்தேன். நீ சொல்லச் சொன்னதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

அம்மா விரலில் இருந்த மை உன் மை இல்லை, ஈவி.

உள்ளே சேர்ப்பதற்கு முன்னால் சம்மதம் கேட்டு ஒரு ஃபாரம் நீட்டினார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். பேஷன்டுக்கு நினைவு இருக்கிறது, அவங்களும் வைக்கணும் என்று அந்த நர்ஸ் மைப்பெட்டியைத் திறந்தார். அவர் மேல் தப்பில்லை, அவருக்கு என்ன தெரியும்? அம்மா மூக்கில் இருந்த ஆக்சிஜன் மாஸ்கைத் தானே இழுத்து இறக்கினார். என்னைத்தான் பார்த்தார். நர்ஸைப் பார்க்கவில்லை. “எனக்குக் கையெழுத்து போடத் தெரியும்டா” என்றார்.

பேனா என் சட்டைப் பையில் இருந்தது. எடுத்துக் கொடுத்திருந்தால் ஒரு நிமிஷம் ஆகியிருக்கும், அதற்கு மேல் ஆகியிருக்காது. ஆனால் அவர் மூச்சு வாங்குகிற சத்தம் எனக்குத் தாங்கவில்லை. “தெரியும்மா, தெரியும். இப்ப சீக்கிரம் வெய்யிம்மா” என்றேன். சொல்லிக்கொண்டே மணிக்கட்டைப் பிடித்தேன். அம்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை, அன்றைக்கு மாதிரியே. மாஸ்கை மறுபடி போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு நாள் இருந்தார், என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

பெட்டி பக்கத்தில் நின்று நீ கேட்டபோது தலையாட்டினேன். நீ அழுகையை நிறுத்தினாய். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னாலும் இப்படித்தான் நிறுத்தினாய். அதனால்தான் இதை எழுதுகிறேன், இரண்டாவது கதையையும் நீ சுமக்க வேண்டாம்.

அந்தக் குமாஸ்தாவுக்காவது காதில் விழவில்லை. எனக்கு நன்றாக விழுந்தது. அப்புறமும் பிடித்து அழுத்தினேன்.

எல்வின்